எனி டிகிரி போதும்

ஈவ்லினுக்கு நண்டுகளைப் பிடிக்கும். கடையில் விற்கிற நண்டு அல்ல. அடையாறு முகத்துவாரத்துச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும், கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் நண்டுகள். விலங்கியல் மூன்றாம் ஆண்டில் அவளுடைய ப்ராஜெக்ட் அதுதான். உடைந்த பாலத்துப் பக்கம் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை வளைகள், எந்த வளையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று ஆறு மாதம் குறித்துவந்தாள். துறைத் தலைவி அந்த நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, "இதை விட்டுடாதே" என்று மட்டும் சொன்னார். எங்கே போய்ப் பிடித்துக்கொள்வது என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அது 2019. படிப்பின் கடைசி மாதத்தில் ஒருநாள் எல்லாத் துறை மூன்றாமாண்டு மாணவிகளையும் அரங்கில் உட்காரவைத்தார்கள். கோட் போட்ட ஒருவர் மேடையில் இங்குமங்கும் நடந்தபடி பேசினார்.

"உங்க மேஜர் எதுவா இருந்தாலும் கவலையே வேணாம். ஹிஸ்டரியா? ஓகே. பாட்டனியா? ஓகே. டிகிரிங்கறது கேட் பாஸ். எந்த கேட்டுக்குள்ள போறீங்கங்கறது உங்க இஷ்டம்."

அரங்கம் கைதட்டியது. ஈவ்லினும் தட்டினாள். மூன்று வருஷம் படித்ததை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதைத்தான் அவர் அவ்வளவு உற்சாகமாகச் சொன்னார் என்பது அவளுக்கு அன்று உறைக்கவில்லை.

அவர்கள் வீடு சாந்தோமில், கோயிலுக்குப் பின்தெருவில். அப்பா ராஜநாயகம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஃப்ளோரன்ஸ் சர்ச்சைச் சேர்ந்த பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஃப்ளோரன்ஸின் அக்கா டீச்சர், தங்கை நர்ஸ், சித்தி மகள் கன்னியாஸ்திரி. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் என்ன ஆவாள் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததே கிடையாது.

"பி.எட். சேர்ந்துடு. நம்ம ஸ்கூல் சிஸ்டர்கிட்ட பேசி வெச்சிருக்கேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"எனக்கு டீச்சர் வேலை வேணாம் மம்மி."

"வேற என்ன வேணும்?"

ஈவ்லினுக்கு வேண்டியது கடல்சார் உயிரியலில் எம்.எஸ்ஸி. அதற்கு ஊரை விட்டுப் போய் விடுதியில் தங்க வேண்டும். தம்பி எரிக் அப்போதுதான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதை மறுபடி இழுக்க அவளுக்கு மனமில்லை.

"எனி டிகிரி போதும்னு எவ்வளவோ வேலை இருக்கு. அதுல ஒண்ணுக்குப் போறேன்."

"எனி டிகிரின்னா என்ன அர்த்தம் தெரியுமாடி? உன் டிகிரி அவனுக்கு வேணாம்னு அர்த்தம்."

நான்கு நாள் ஈவ்லின் அம்மாவோடு பேசவில்லை.

பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். அங்கே அவளை ஈவா என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். ஈவ்லின் என்ற பெயரில் என்ன குறை என்று கேட்டாள். ஈவா என்றால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம் என்றார்கள். ஐந்தாவது மாதம் ஊரடங்கு வந்தது. ஆறு மாதம் முடிக்காதவர்களை ஒரே மின்னஞ்சலில் நிறுத்தினார்கள். அப்பா தள்ளிப்போட்ட அந்த 'ஒரு வருஷம்' 2020 ஆகிப்போனது; எம்.எஸ்ஸி. பேச்சை அதன் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. வங்கித் தேர்வு இரண்டு முறை எழுதினாள். இரண்டிலும் கொஞ்சத்தில் போயிற்று. ஊரடங்கு தளர்ந்து, பங்கின் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்கள் மறுபடி தொடங்கியதும், ஜெபமாலை முடிந்து டீ கொடுக்கும் நேரத்தில் யாராவது தவறாமல் கேட்டார்கள்: "ஈவ்லின் இப்ப என்ன பண்றா?" அம்மா டம்ளர்களை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

2021 கடைசியில் தி.நகரில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த பயிற்சி மையத்துக்குப் போனாள். எல்லோரும் அதை சென்டர் என்றுதான் சொல்வார்கள். வாசல் பலகையில் 'மெடிக்கல் கோடிங் – மூன்று மாதம் – எனி டிகிரி போதும் – நூறு சதவீத வேலை உதவி' என்று இருந்தது. 'உதவி' என்ற சொல் மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில் இருந்ததை அவள் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தாள்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட்டுத்தர வேண்டும்; இன்சூரன்ஸ்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். அதுதான் வேலை. ஈவ்லினுக்கு எலும்பும் நரம்பும் ஏற்கெனவே தெரியும். சர்ட்டிஃபிகேட் தேர்வில் அந்த பேட்சிலேயே அவள்தான் முதல். பிறகு ஏழு நேர்காணல். ஏழிலும் கேட்டது ஒன்றுதான்: முன் அனுபவம் உண்டா? அந்த வருஷம் புதிய ஆட்களை எடுப்பதை எல்லா இடத்திலும் நிறுத்தியிருந்தார்கள்.

எட்டாவதாக அவளைக் கூப்பிட்டது சென்டரின் முதலாளி ஜவஹர். குரலை உயர்த்திப் பேசாத மனிதர். சட்டை எப்போதும் இஸ்திரி கலையாமல் இருக்கும்.

"நான் எம்.ஏ. ஃபிலாஸஃபி. தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். "இங்கயே கேரியர் கவுன்சிலரா சேருங்க. உள்ள வர்றவங்ககிட்ட உக்காந்து பேசணும், அவ்வளவுதான். நீங்க பேசினா பொய் சொல்ற மாதிரியே இல்ல ஈவ்லின். அது ஒரு சொத்து."

அதை அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் சென்டர் சுவரில் அவள் படம் ஏறியது. கீழே 'ஈவ்லின் ஆர்., பி.எஸ்ஸி. விலங்கியல் – வேலை பெற்றார்'.

"சார், நான் இங்கதானே வேலை பாக்கறேன்?"

"இது வேலை இல்லையா?" என்றார் ஜவஹர், சிரிக்காமல்.

ஃப்ளோரன்ஸ் அன்பியத்தில் முதல் முறையாக வாய் திறந்து, "கவுன்சிலரா இருக்கா" என்றாள். ஒரு பெரியவர் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு தெருச் சாக்கடை அடைப்பைப் பற்றி ஈவ்லினிடம் பத்து நிமிஷம் முறையிட்டார். அன்றிரவு வீட்டில் எல்லோரும் வெகுநாள் கழித்துச் சிரித்தார்கள்.

ஈவ்லின் வேலையில் கெட்டிக்காரியாக இருந்தாள். எதிரே உட்கார்ந்தவர்கள் என்ன படித்தார்கள், ஏன் படித்தார்கள், எங்கே நின்றுபோனார்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். அதுவரை அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாதிப் பேர் அந்தக் கேள்விகளுக்காகவே சேர்ந்தார்கள். கம்பெனிகள் முதலில் பார்ப்பது நர்சிங், பார்மசி, உயிரியல் படித்தவர்களைத்தான் என்பதையும், முப்பது பேர் கொண்ட ஒரு பேட்சில் நாலைந்து பேருக்குக் கிடைத்தாலே பெரிது என்பதையும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று தனக்குள் வைத்துக்கொண்டாள்.

கிடைத்தவர்களும் இருந்தார்கள். ராயப்பேட்டை உமர் ஃபாரூக், மைக்ரோபயாலஜி படித்தவன், பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்த அன்று இனிப்புப் பெட்டியோடு மாடி ஏறி வந்தான். "உங்களாலதான் மேடம்" என்று கண் கலங்கிச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை வைத்து ஈவ்லின் இரண்டு வருஷம் ஓட்டினாள்.

மாளவிகா வந்தது 2023 செப்டம்பரில். சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அப்பா அங்கே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் மிஷின் ஓட்டுபவர். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், கடைச் சீருடையோடு ஓடிவந்திருந்தாள்.

"அக்கா, நான் பி.ஏ. தமிழ். கிண்டல் பண்ணாம சொல்லுங்க. இது எனக்கு ஆவுமா?"

"எனி டிகிரி போதும் மாளவிகா."

"அது போர்டுலயே கீதுக்கா. நான் உங்கள கேக்கறேன்."

அந்த மாதம் சேர்க்கவேண்டிய எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு பேர் குறைவு. ஈவ்லின் அதை நினைத்தாளா என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நினைத்திருக்க வேண்டும்.

"நான் ஜுவாலஜி. இங்க உக்காந்திருக்கேன்ல?" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"கடையில மூணு மாசம் லீவு தரமாட்டானே."

"விட்டுடு. பில் போடறதுக்கா டிகிரி படிச்சே?"

சென்டர் சொல்லிக்கொடுத்த பேச்சில் இந்தக் கடைசி வரி கிடையாது. அது ஈவ்லினுடைய சொந்த வரி.

மாளவிகா உயிரைக் கொடுத்துப் படித்தாள். இருநூற்றுச் சொச்சம் எலும்புகளையும் தமிழில் எழுதி, பக்கத்தில் இங்கிலீஷ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி மனப்பாடம் செய்தாள். முதல் முயற்சியிலேயே தேறினாள். பிறகு எட்டு மாதத்தில் பதினோரு இடங்களுக்குப் போனாள். பெரும்பாலும் விண்ணப்பத்தில் படிப்பு என்ற கட்டத்தோடு முடிந்துவிட்டது. கிண்டியில் ஒரு பெண் அதிகாரி மட்டும் உண்மையாகவே வருத்தப்பட்டு, "தமிழ் லிட்ரேச்சரா? உன்னை யாரும்மா இதுல சேர்த்துவிட்டது?" என்று கேட்டாள். துணிக்கடைக்குத் திரும்பப் போனபோது அவள் நாற்காலியில் வேறு பெண் இருந்தாள்.

மறுவருஷ ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் மறுபடி மூன்று மாடி ஏறி வந்தாள். ஈவ்லின் எழுந்து நின்றாள்.

"ஃபீஸ் திருப்பிக் குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். அதுக்கு வர்ல" என்றாள் மாளவிகா.

"பின்ன?"

"வேலை வோணும்."

"நான் ஜவஹர் சார்கிட்ட சொல்லி, இன்னும் ரெண்டு கம்பெனிக்கு..."

"கம்பெனி வோணாம். இங்க. நீ உக்காந்துகினு கீறியே, அது."

அக்காவும் 'நீங்க'வும் போய்விட்டதை ஈவ்லின் கவனித்தாள்.

"வேணாம் மாளவிகா. இது நல்ல வேலை இல்ல."

"எனக்குத் தெரியாதா இது இன்னா வேலைன்னு? உன் எதிர்ல உக்காந்தவதானே நான்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கறே?"

"நீ மட்டும் செய்யலாமா?"

உள்ளறையிலிருந்து ஜவஹர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "உள்ள வாங்கம்மா" என்று மாளவிகாவை மரியாதையாகக் கூப்பிட்டார். அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு ஈவ்லினின் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போடப்பட்டது. சுவரில் 'பி.ஏ. தமிழ் – வேலை பெற்றார்' என்று இன்னொரு படம் ஏறியது. அந்தப் படம் ஈவ்லினின் படத்தைவிட அதிகம் பேரைச் சேர்த்தது.

மாளவிகா அந்த வேலையில் ஈவ்லினையும் தாண்டிவிட்டாள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் மகளைக் கூட்டிவரும் அப்பாக்களுக்கு ஈவ்லினின் இங்கிலீஷ் பயத்தைக் கொடுத்தது. மாளவிகா அவர்களை "நைனா, ஃபேனுக்குக் கீழ உக்காரு, வேர்த்துக்கினு கீது பாரு" என்று உட்காரவைத்தாள். இரண்டு பேரும் ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. மாளவிகா எதிராளியிடம் "நான் தமிழு. நான் உக்காந்துகினு கீறேன்ல?" என்று சொல்லும்போதெல்லாம் ஈவ்லின் தண்ணீர் பிடிக்க எழுந்து போய்விடுவாள்.

அபிராமபுரத்திலிருந்து அம்பி என்பவர் தன் மகள் நீரஜாவோடு வந்தது அந்த ஒரு வருஷத்தின் முடிவில். அறுபதை ஒட்டிய வயது. படி ஏறிய மூச்சு வாங்கல் அடங்குவதற்குள், வரலாறு, முதல் வகுப்பு, இரண்டு வருஷமாக வீட்டில் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார். நீரஜா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஈவ்லின் முன்கூட்டி எதையும் தீர்மானித்திருக்கவில்லை. அந்த ஜிப் சத்தம்தான் காரணமாக இருக்கலாம்.

"சார், இவங்களுக்கு இது வேணாம்" என்றாள்.

"என்னம்மா சொல்றேள்? வாசல்ல எனி டிகிரின்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கு சார். சேரலாம், பாஸும் பண்ணிடுவாங்க. ஆனா ஹிஸ்டரி படிச்சவங்களைக் கம்பெனியில கூப்பிடறதில்ல. நான் மூணு வருஷத்துக்கு மேல பாத்துட்டேன்."

நீரஜா நிமிர்ந்து பார்த்தாள். அம்பியின் முகம் சிவந்தது.

"சரி, இது வேண்டாம். அப்போ எதுல சேரலாம்? அதைச் சொல்லுங்கோ."

ஈவ்லினுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியதே தவிர, அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசித்ததே இல்லை.

"ரெண்டு வருஷமா ஆத்துலயே உக்காண்டிருக்கா. யாரோடயும் பேசறதில்லை. காலம்பற எழுந்து குளிச்சு, எங்கயாவது போயிண்டு வந்துண்டு இருந்தாப் போறும் எனக்கு" என்றார் அம்பி. "முடியாதுன்னு சொல்றதுக்கு எங்காத்துலயே நாலு பேர் இருக்கா. அதைக் கேக்க நான் மூணு மாடி ஏறி வரணுமாம்மா?"

பக்கத்து மேசையிலிருந்து மாளவிகா, "சார், இப்படி வாங்க. ஹிஸ்டரியா? நான் தமிழ் சார்" என்றாள்.

இருபது நிமிஷத்தில் சேர்க்கைப் படிவம் நிரம்பியது. நீரஜா கையெழுத்துப் போட்டுவிட்டு ஈவ்லின் பக்கம் திரும்பாமல் படி இறங்கினாள்.

ஜவஹர் திட்டவில்லை. "நீங்க சொன்னதுல தப்பு எதுவும் இல்ல ஈவ்லின்" என்றார். "ஆனா அதைக் கேக்க யாரும் இங்க வர்றதில்ல." அன்று மாலையே அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் ஒரு முறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை தேடும் தளங்களில் தன் விவரத்தைப் போட்டதும் இரண்டே நாளில் போன்கள் வந்தன. எல்லாம் பயிற்சி மையங்கள். எல்லோருக்கும் கவுன்சிலர் வேண்டும். உயிரியல் என்று அவள் தேடிய இடங்களில் எம்.எஸ்ஸி. கேட்டார்கள். ஒருநாள் அவளே, "மம்மி, இப்ப பி.எட். பண்ணா?" என்று கேட்டாள். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்த ஃப்ளோரன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"இப்ப நம்ம ஸ்கூல்ல இடம் இல்லம்மா. பசங்களே இல்ல. ரெண்டு செக்‌ஷனை ஒண்ணாக்கிட்டாங்க."

'அன்னிக்கே சொன்னேனே' என்று அம்மா சொல்லியிருந்தால் ஈவ்லின் சண்டை போட்டிருப்பாள். அம்மா சொல்லவில்லை. ஈவ்லின் குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

உமர் ஃபாரூக்குக்கு போன் செய்ய அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அவன் இப்போது அதே பெருங்குடி கம்பெனியில் டீம் லீட். "என்ன மேடம், இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க?" என்றவன், மறுவாரமே நேர்காணலுக்கு ஏற்பாடு செய்தான்.

"சர்ட்டிஃபிகேட் 2022ல வாங்கியிருக்கீங்க. நடுவுல என்ன பண்ணீங்க?" என்று அங்கே கேட்டார்கள்.

"மெடிக்கல் கோடிங் சென்டர்ல இருந்தேன்."

"சொல்லிக்கொடுத்தீங்களா?"

"இல்ல. சேர்த்துவிட்டேன்."

கேட்டவர் சிரித்தார். அவள் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது, ட்ரெயினியாக. பகல் ஷிஃப்ட். அவளோடு சேர்ந்த ஐந்து பேருக்கும் வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ, அவளுக்கு இருபத்தேழு. முதல் வாரம் உமர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "மேடம், இது இடது முட்டி. நீங்க வலதுக்கு உண்டான கோட் போட்டிருக்கீங்க" என்று மெதுவாகச் சொன்னான். டீம் லீட் ஒரு ட்ரெயினியை மேடம் என்பதைக் கேட்டுப் பக்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் தவறு செய்யவில்லை. வேலை அவளுக்கு நன்றாகவே வந்தது. மூன்று வருஷம் முன்பே வந்திருக்கும் என்பதுதான் மனத்தை அறுத்தது.

சேர்ந்து நாலு மாதம் ஆனபோது, ஒரு மத்தியானம் கேன்டீனில் இருக்கையில் மாளவிகாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க கம்பெனில இந்த வர்ஷம் ஃப்ரெஷர் எடுத்தாங்களா?"

"ஆறு பேர். அஞ்சு பேர் நர்சிங், பார்மசி. நான் ஒருத்தி ஜுவாலஜி, அதுவும் உமர் சொன்னதால. அடுத்த வருஷம் அதுவும் இருக்காதுங்கறாங்க. பாதி ஃபைலை இப்ப சாஃப்ட்வேரே படிச்சுடுது."

"சரி. ஃப்ரெஷர் எடுக்கறாங்கன்னு சொல்லிக்கறேன்."

"மாளவிகா..."

"பொய் இல்லியே?"

இல்லை. ஈவ்லின், "அந்த அபிராமபுரத்துப் பொண்ணு? நீரஜா?" என்று கேட்டாள்.

"கோர்ஸ் முடிச்சுட்டா. ஒரு நாள்கூட லீவு போடல. ஒண்ணும் வர்ல இன்னும்." மாளவிகாவின் குரல் முதல் முறையாகச் சற்று இறங்கியது. "நேத்து அவங்கப்பா வந்திருந்தாரு. சண்டை போடத்தான் வராருன்னு நெனச்சேன். அடுத்த கோர்ஸ் இன்னா கீதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்லுவாங்க? சேத்துகினேன்."

லஞ்ச் டைம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஈவ்லின் போனை வைத்தாள். முடிந்திருக்கவில்லை. இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது.